டிக் அடிக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வாருங்கள்...

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வெள்ளிக்கிழமை வரைக்குமான சோதனைப் படிவத்தை நிரப்பி முடித்துவிடும் வேலைத் தளங்கள் உண்டு. ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வில் வரிசையாக டிக். டயர் சரி, பிரேக் சரி, ஹாரன் சரி, தடுப்புக் கம்பி சரி. வியாழக்கிழமை டயர் எப்படி இருக்கும் என்று திங்கட்கிழமையே தெரிந்து வைத்திருப்பவர்கள் பேசாமல் ஜோசியம் பார்க்கப் போயிருக்கலாம். சிசர் லிப்ட் ஏற வந்திருக்க வேண்டாம்.

சிசர் லிப்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு... பெரிய கிடங்கிலோ விமான நிலையத்திலோ கூரை விளக்கு மாற்றும்போது பார்த்திருப்பீர்கள். கீழே சக்கரம் வைத்த ஒரு கனமான பெட்டி. அதன் மேல் கத்தரிக்கோல் கத்திகளை அடுக்கி வைத்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கைகள். உச்சியில் நாலு பக்கமும் கம்பி போட்ட மேடை. பெட்டிக்குள் இருக்கும் பம்ப், ஹைட்ராலிக் எண்ணெயை சிலிண்டருக்குள் தள்ளும். சிலிண்டர் நீள நீள, கத்தரி நிமிரும். மேடை மேலே போகும். இறங்கும்போது பம்புக்கு வேலையே இல்லை. வால்வு திறக்கும், மேடையின் எடையே அதைக் கீழே கொண்டு வந்துவிடும். அவ்வளவுதான் தத்துவம். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி.

தத்துவம் எளிமையாக இருப்பதுதான் பிரச்சினையே. கிரேன் என்றால் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது. சிசர் லிப்டைப் பார்த்தால் பயம் வருவதில்லை. ஒரு சாவி, ஒரு ஜாய்ஸ்டிக், பொம்மைக் கார் மாதிரி ஓடுகிறது. ஐந்து நிமிடம் பார்த்தால் யாரும் ஓட்டலாம் என்று தோன்றும். யாரும் ஓட்டலாம் என்று தோன்றுவதால் யாரை வேண்டுமானாலும் ஏற்றி விடுகிறார்கள்.

அப்படி ஏற்றப்பட்டவர்களில் ஒருவர் ஒரு கல்லூரி மாணவர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருக்கும் நோட்ர டேம் பல்கலைக்கழகம். 2010 அக்டோபர் 27. அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியை மேலிருந்து வீடியோ எடுக்க ஒரு 20 வயது மாணவரை சிசர் லிப்டில் ஏற்றினார்கள். படிப்புக்கு நடுவே பார்த்த பகுதி நேர வேலை. அன்று காற்று பலமாக அடித்தது. முந்தைய நாள் இதே காற்றுக்காகப் பயிற்சியை உள்ளரங்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். அன்று மாற்றவில்லை. ஏறக்குறைய 40 அடி உயரத்துக்கு மேடையை உயர்த்தியிருந்தபோது மணிக்கு 53 மைல் வேகத்தில் ஒரு காற்று வீச்சு. லிப்ட் அப்படியே சாய்ந்தது. மாணவர் இறந்து போனார்.

அந்த இயந்திரத்தை எவ்வளவு காற்று வரைக்கும் வெளியில் உயர்த்தலாம் என்று அதன் கையேட்டிலேயே இருந்தது. மணிக்கு 28 மைல். காற்றின் தள்ளு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 28-இலிருந்து 53 என்றால் வேகம் இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் விசை மூன்றரை மடங்கு. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நிறைந்த ஒரு பல்கலைக்கழகத்தில் அன்று அந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை விசாரித்து, 2011 மார்ச்சில் 77,500 டாலர் அபராதம் விதித்தது. அதில் 55,000 டாலர், ஆபத்து என்று தெரிந்தே அந்தக் காற்றில் வேலை செய்ய வைத்ததற்கு. மாணவர்களுக்கு முறையான பயிற்சி தரவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அந்த லிப்டின் வருடாந்திர சோதனை கெடு தாண்டிப் போயிருந்தது என்பது மற்றொன்று. பிறகு சமரசம் பேசி அபராதம் 42,000 டாலராகக் குறைந்தது. அதோடு வெளியிடங்களில் லிப்ட் பயன்படுத்துவது பற்றி நாடு தழுவிய பாதுகாப்புப் பிரச்சாரம் நடத்தவும் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அபராதத் தொகையைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். அதை விட்டுவிடுவோம்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் குற்றச்சாட்டுப் பட்டியலைப் படித்தால் முன்னால் நிற்பவை காற்று, பயிற்சி, கெடு தாண்டிய சோதனை. மூன்றுமே இயந்திரத்தின் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், தரையில் நின்றபடியே கண்டுபிடிக்கக் கூடியவை. ஏறப்போகிறவரிடம் "இன்று காற்று எவ்வளவு? இந்த லிப்டுக்கு எவ்வளவு தாங்கும்?" என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். தினசரி சோதனை என்பது இந்த இரண்டு கேள்வி மாதிரிதான். பொறியியல் பட்டமெல்லாம் தேவையில்லை. கண், காது, பத்துப் பதினைந்து நிமிடம்.

சரி, அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் என்னதான் பார்க்கிறார்கள்?

முதலில் சாவி போடாமல் ஒரு சுற்று. தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா? ஹைட்ராலிக் குழாய் எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா? (கசிவு இருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரியும், உள்ளே கை அழுகிக்கொண்டிருக்கும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே வழக்கம்.) டயரில் துண்டு பெயர்ந்திருக்கிறதா, சக்கர நட்டு இறுக்கமா, கத்தரிக் கைகளில் விரிசல் இருக்கிறதா, மூட்டுகளில் பின் வெளியே நகர்ந்திருக்கிறதா? பாட்டரியில் தண்ணீர் இருக்கிறதா, முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேடையைத் தூக்கி அடியில் குனிந்து பார்க்க வேண்டுமென்றால் முதலில் முட்டுக் கம்பியைப் போட்டுவிட வேண்டும். "ஒரு செகண்ட் தானே" என்று முட்டு இல்லாமல் தலையை உள்ளே விட்டால், வால்வு தவறிய அதே செகண்டில் மேடை வந்து உட்காரும்.

பிறகு மேடை. தடுப்புக் கம்பிகளைக் கழற்றி மடக்கும்படி செய்திருப்பார்கள், வாசலுக்குள் நுழைய வசதியாக. திரும்ப நிமிர்த்தியவர் பூட்டு ஊசியைப் போட்டாரா? போடாவிட்டாலும் கம்பி நேராகத்தான் நிற்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. அதன் மேல் ஒருவர் சாயும்போதுதான் தெரியும். அதனால்தான் "பார்த்தால்" போதாது, பிடித்து ஆட்ட வேண்டும். ஏறும் வழியில் இருக்கும் கதவு தானாக மூடுகிறதா என்பதும் அப்படித்தான். சங்கிலி வைத்த பழைய லிப்ட் என்றால் சங்கிலி மாட்டியிருக்கிறதா, அல்லது ஒரு கம்பியில் சுருட்டித் தொங்குகிறதா?

அடுத்து இயக்கிப் பார்ப்பது. தரையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு பட்டனை அமுக்கினால் எல்லாம் நிற்க வேண்டும். மேடையில் இருக்கும் சிவப்பு பட்டனும் அப்படியே. ஹாரன், ஸ்டியரிங், பிரேக். மேடை உயர்ந்திருக்கும்போது வண்டி ஆமை வேகத்துக்குத் தானாகக் குறைகிறதா? மின்சாரம் போனால் மேலே இருப்பவரைக் கீழே இறக்க அடிப்பகுதியில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் மேடை மெதுவாக இறங்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரிந்து பிரயோசனமில்லை. கீழே இருப்பவருக்குத் தெரிய வேண்டும். இதைக் கீழே இருப்பவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஏறுகிறவர்கள் எத்தனை பேர்?

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி: தரை. பொதுவாகக் காணப்படும் 19 அடி மின்சார லிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மீட்டர் அகலம், ஒரு டன்னுக்கு மேல் எடை. பக்கவாட்டில் 1.5 டிகிரி சாய்ந்தாலே எச்சரிக்கை ஒலி எழுப்பும்படி இதில் பல மாடல்களை அமைத்திருக்கிறார்கள். 1.5 டிகிரி என்றால் எவ்வளவு? ஒரு பக்கச் சக்கரம் மறுபக்கத்தை விட வெறும் 2 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். ஒரு மரத்துண்டு. ஒரு பலகை. சரியாக மூடாத ஒரு சாக்கடை மூடி. மேடை உயரும்போது அடியில் இரண்டு பக்கமும் தகடுகள் இறங்கித் தரையை ஒட்டி நிற்கும். சக்கரம் குழியில் விழுந்தாலும் தகடு தரையில் உட்கார்ந்து வண்டியைச் சாயவிடாமல் தாங்க வேண்டும் என்பதற்காக. அந்தத் தகட்டில் சிமெண்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு இறங்காமல் இருப்பதெல்லாம் படிவத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்புகிறவருக்கு எப்படித் தெரியும்?

"இப்போதெல்லாம் இயந்திரமே தன்னைச் சோதித்துக்கொள்கிறது, எதற்கு இந்தச் சடங்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மை. 2020-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த ஏ92 தரநிலைகள், புதிதாகத் தயாரிக்கும் மேடைகளில் எடையை உணரும் அமைப்பு இருக்க வேண்டும் என்கின்றன. அளவுக்கு மேல் ஏற்றினால் லிப்ட் நகராது. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் போடாத பூட்டு ஊசியை எந்த சென்சாரும் சொல்லாது. முன்னால் இருக்கும் பள்ளத்தைச் சொல்லாது. தலைக்கு மேலே போகும் மின்கம்பியைச் சொல்லாது. அது போக, சாய்வு சென்சார் அடிக்கடி கத்துகிறது என்று அதன் வயரைப் பிடுங்கி விடும் மகானுபாவர்களும் இந்த உலகத்தில்தான் இருக்கிறார்கள்.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. விபத்துகள் இயந்திரக் கோளாறால் மட்டுமா நடக்கின்றன? கம்பி மேல் ஏறி நின்று எட்டுவது, உத்தரத்துக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே நசுங்குவது, உயர்ந்த நிலையில் ஓட்டுவது, இதெல்லாமும்தானே காரணம். காலையில் டயரைப் பார்த்து இதையெல்லாம் எப்படித் தடுப்பது என்கிறார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா, ஓராண்டில் தான் விசாரித்த சிசர் லிப்ட் சம்பவங்களில் 10 மரணங்களும் 20-க்கு மேற்பட்ட காயங்களும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று எழுதியது. காரணங்களை மூன்று தலைப்பில் அடக்கியது: விழாமல் தடுப்பது, லிப்டை நிலையாக நிறுத்துவது, எங்கே நிறுத்துகிறோம் என்பது. மூன்றாவது தலைப்பு முழுக்க இடத்தைப் பற்றியது. இரண்டாவதிலும் பாதி தரையும் காற்றும். அப்படியென்றால் காலைச் சோதனையில் பாதி இயந்திரம், பாதி இடம் என்று இருக்க வேண்டும். உத்தரம் எவ்வளவு தாழ்வு, எதை எட்ட வேண்டியிருக்கும், இந்த உயரம் போதுமா என்று காலையிலேயே யோசித்தவர் மதியம் கம்பி மேல் ஏற மாட்டார். பெரிய மெஷினைக் கேட்டு வாங்கியிருப்பார். எனவே இது சோதனையை விடுவதற்கான வாதம் இல்லை. அதை இன்னும் ஒழுங்காகச் செய்வதற்கான வாதம்.

ஓஷா இந்த இயந்திரத்தை எந்த வகையில் சேர்த்திருக்கிறது என்பது சுவாரசியமானது. அதன் கணக்கில் சிசர் லிப்ட், நகரும் சாரம். ஆமாம், கட்டடத்துக்குக் கட்டுகிற அதே சாரத்தின் சட்டம். ஒவ்வொரு வேலை நேரம் தொடங்கும் முன்பும் விஷயம் தெரிந்த ஒருவர் சாரத்தைச் சோதிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. சவுக்குக் கம்பில் கயிறு கட்டிய சாரத்தில் ஏறும் கொத்தனார், முதல் படியில் கால் வைக்கும் முன் கம்பைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். எந்தப் படிவமும் அவரிடம் இல்லை. உலுக்கிப் பார்ப்பவரும் அவரே, ஏறுபவரும் அவரே, அதனால் அந்த உலுக்கலில் பொய் இருக்காது.

படிவத்தில் பொய் நுழைவது இந்த இடத்தில்தான். சோதிப்பவர் ஒருவர், கையெழுத்து போடுபவர் ஒருவர், ஏறுபவர் ஒருவர் என்று மூன்றாகப் பிரித்தவுடன் காகிதம் யாரோ ஒருவரின் தலையைக் காப்பாற்றும் ஆவணமாகிவிடுகிறது. ஏறுபவரின் தலையை அல்ல. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கட்டுமானத் தளங்களில் நிற்கும் நம்மூர்த் தொழிலாளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். படிவம் ஆங்கிலத்தில். எதற்கு எதிரே டிக் போடுகிறோம் என்பது பாதி புரியும். லிப்டை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். "தகடு சரியாக இறங்கவில்லை சார்" என்று சொன்னால் என்ன நடக்கும்? மாற்று லிப்ட் வர மதியமாகும். அதுவரை நாலு பேர் சும்மா நிற்க வேண்டும். சொன்னவர் மேல் சோம்பேறி என்ற முத்திரை விழும். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் பாக்கி இருப்பவர், அந்த முத்திரையை வாங்க மாட்டார். டிக் அடித்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு ஏறுவார்.

ஆகவே ஆபரேட்டர்களுக்கு இன்னும் நாலு நாள் பயிற்சி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களில் பலருக்கு நன்றாகவே தெரியும். பார்த்த பிறகு "முடியாது" என்று சொல்லும் உரிமைதான் இல்லை. சோதனையில் ஒரு குறை தெரிந்தால் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும், லிப்டில் "ஓட்டாதே" அட்டையை மாட்டவும், மேஸ்திரியோ மேனேஜரோ அதைக் கழற்ற முடியாதபடி பழுதுபார்ப்பவர் வந்து கழற்றும் வரை காத்திருக்கவும் அந்த ஆபரேட்டருக்கு எழுத்து மூலம் அதிகாரம் வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளமும் வேண்டும். இது இல்லாமல் கொடுக்கும் படிவம், விபத்து நடந்த பிறகு "நீதானே டிக் அடித்தாய்?" என்று அவரிடமே காட்டுவதற்கு மட்டும் உதவும்.

படிவத்தையும் கொஞ்சம் மாற்றலாம். டிக் என்பது உட்கார்ந்த இடத்தில் போடக் கூடியது. அதற்குப் பதிலாக, மெஷின் பக்கத்தில் போனால் மட்டுமே தெரியக் கூடிய ஒன்றைக் கேளுங்கள். லிப்டில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கும். இன்றைய எண் என்ன? அவசரக் குமிழை இழுத்தபோது மேடை இறங்க எத்தனை விநாடி ஆனது? மேடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெளியில் எத்தனை பேர் ஏறலாம் என்று போட்டிருக்கிறது? (சில மாடல்களில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். அதாவது அது கட்டடத்துக்கு உள்ளே மட்டும். வாசலுக்கு வெளியே பெயர்ப் பலகை மாட்ட அதை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஸ்டிக்கரை ஒரு முறையாவது படித்தால் தேவலை.) வெளியில் ஏறலாம் என்று அனுமதிக்கும் லிப்டுகளில்கூட விநாடிக்கு 12.5 மீட்டர் காற்று என்பதுதான் வழக்கமான எல்லை. மைலில் அதே 28. இன்று வெளியில் வேலை என்றால், அளந்த காற்று வேகம் எவ்வளவு? எண்ணை எழுதச் சொன்னால் திங்கட்கிழமையே வெள்ளிக்கிழமைக்கு எழுத முடியாது. எழுதினாலும் மாட்டிக்கொள்வார்கள். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

ஏறும் முன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, புழக்கத்தில் இருக்கும் படிவங்களில் தேடினாலும் கிடைக்காது: இந்த வேலைக்கு ஆள் மேலே போகத்தான் வேண்டுமா? நோட்ர டேமில் அந்தக் கேள்வியைப் பிறகுதான் கேட்டார்கள். 2011-இல் பயிற்சி மைதானத்தில் கம்பங்களை நட்டு, தரையிலிருந்தே இயக்கும் ரிமோட் கேமராக்களைப் பொருத்தினார்கள்.